முந்நூற்றுப் பதினொன்று

கத்தரி தொடங்கிய அன்று
பதினேழு பெயர்களை அட்டவணையில் ஏற்றினேன்,
என்னுடையதையும் சேர்த்து.
பள்ளி திறப்பதற்குள் ஆளுக்கு ஐந்து புத்தகம்.
இரவு பத்துக்குள் பக்கக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும்.
பரிசு, பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ.
உடைந்த பருப்புதான். முழுப்பருப்புக்கு
என் சம்பளம் ஒத்துக்கொள்ளவில்லை.

சான்று கேட்க மாட்டோம் என்றும் ஒரு விதி.
அதை எழுதியவள் நான்தான்.

கலியபெருமாள் விருத்தாசலம் பஸ்ஸில் நடத்துநர்.
வண்டி திரும்ப நிற்கும் இருபது நிமிஷத்தில் படிப்பார்,
டிக்கெட் கட்டின் ரப்பர் பேண்டை
விட்ட இடத்தில் மாட்டி வைப்பார்.
"இன்னிக்கு ஒன்பது. வடலூர்ல நெரிசல்."
சிப்காட் இரவு ஷிப்டிலிருந்து தணிகைமலை
"நாற்பது" என்பான், வேறு பேச்சில்லை,
ஆலைச் சங்குபோல தினமும் அதே நேரம்.
விடைத்தாள் திருத்தியதையும் சேர்த்துக்கொள்ளலாமா
என்று ரோசலின் டீச்சர் கேட்டார்.
ஒன்றரை மணி நேரம் விவாதித்துக் கூடாது என்றோம்.
முதுநகர் நூருன்னிசா எண் சொல்ல மாட்டாள்.
அன்று பிடித்த ஒரு வரியைச் சொல்வாள்.
எத்தனை பக்கம் என்று நான்தான் விடாமல் கேட்டு வாங்குவேன்.

என் வரிசை?
பகலெல்லாம் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை,
சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அட்டை வெட்டிக்கொண்டு.
மாலையானால் அட்டவணை.
மே இருபதில் உறைத்தது:
மற்றவர்கள் படித்த பக்கங்களைக் கூட்டியதைத் தவிர
நான் எதையும் படிக்கவில்லை.

நடத்துகிறவள் வெறுங்கட்டமாய் இருக்கலாமா.
மாவட்ட நூலகத்தில் எடுத்துவந்து
மிக்ஸிக்குப் பக்கத்தில் கிடந்த நாவலின் பெயரை எழுதி
எதிரே 320 என்று போட்டேன்.
கை நடுங்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.
இரண்டு நாள் கழித்து இன்னொரு பெயர், 210.
பிறகு 187.
ஒற்றைப்படையில் முடிந்தால் உண்மைபோல் தெரிகிறது
என்று அதற்குள் கற்றிருந்தேன்.

நூருன்னிசா கேட்டாள்:
"அந்த உப்பளக் கதைய முடிச்சிட்டீங்களாமே.
கடைசியில கணக்குப்பிள்ளை திரும்பி வந்தானா?"

வந்தான் என்று தட்டினேன். அழித்தேன்.
வரவில்லை என்று தட்டினேன். அழித்தேன்.
"மத்தவங்க படிக்கணும்ல, நாளைக்குச் சொல்றேன்."

அன்றிரவு பார்த்துக் கரண்ட் போனது.
கெடிலத்துப் பக்கமிருந்து கொசு வந்தது,
கடற்பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று வரவில்லை.
ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
கைபேசி வெளிச்சத்தில் பிரித்தேன்.
நாற்பதாம் பக்கம்வரை பயத்தில் படித்தேன்.
அறுபதில், அவன் மனைவி நடுநிசியில் போய்
முதலாளியின் பாத்தி மடையை
ஒரே வெட்டில் திறந்துவிட்டாள்.
அதற்குப் பிறகு நூருன்னிசாவை மறந்துபோனேன்.
கரண்ட் வந்ததை எதிர்வீட்டு மோட்டார்தான் சொன்னது.
முந்நூற்றுப் பதினோராம் பக்கத்தில்
வெளியே செருப்புச் சத்தம். விளக்கைத் தணிக்கிறாள்.
'தாழ்ப்பாளில் கை வைத்தவள்'

அவ்வளவுதான்.
அடுத்தது அட்டை.
நடுவே தையல் நூலில் கிழிசலின் பல்வரிசை.

ஐந்தே முக்காலுக்கு எழுதினேன்:
"வந்தானான்னு தெரியல. கடைசிப் பக்கங்களே இல்ல."
தொழுதுவிட்டு உட்கார்ந்திருப்பாள்போல, உடனே பதில்:
"தெரியும். ஏப்ரல்ல திருப்பிக் கொடுத்தது நான்தான்.
இருக்கறதே முந்நூத்திப் பதினொண்ணு.
நீங்க முந்நூத்தி இருபது போட்டிருந்தீங்க."

நான் எதுவும் எழுதவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து அவளே:
"சரி சொல்லுங்க. வெளிய நின்னது அவன்தானே?
ரெண்டு மாசமா கேக்க ஆளில்லாம இருக்கேன்."

210ஐ அழித்தேன். 187ஐ அழித்தேன்.
320ஐத் திருத்தினேன்.
பதினேழு பேரில் பதினேழாவது இடம்.
முந்திரி தணிகைமலைக்குப் போகும்.

ஷட்டரைத் தூக்கும்போதும் பேசிக்கொண்டிருந்தேன்,
அது அவனில்லை, முதலாளியின் ஆள்,
செருப்புப் போடுகிறவனா அவன்,
இருபத்திரண்டாம் பக்கத்தைப் பாரு என்று.
அவள் விடுவதாயில்லை.
பாராசிட்டமால் கேட்டு ஒருவர்
மூன்று தடவை கூப்பிட்டாராம்.